பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் புதுக் கார்ப்பெட்: எதை வாங்குவது, எப்படிப் போடுவது?

கார்ப்பெட் மாற்றப் போகிறேன் என்று யார் சொன்னாலும் பேச்சு உடனே நிறத்துக்குப் போய்விடும். அதைத் தாண்டினால் கம்பளியா, நைலானா என்று வந்து நிற்கும். இரண்டும் கேட்க வேண்டியவைதான். ஆனால் அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது: இன்று போடும் கார்ப்பெட்டை, நனைந்துபோனால், நாளைக்கே கழற்றி வெயிலில் காயப்போட முடியுமா? என்னைக் கேட்டால் மொத்தத் தேர்வும் இதில்தான் இருக்கிறது.

1960களிலும் 70களிலும் வந்த ஸ்போர்ட்ஸ் கார்களில் மழைத் தண்ணீர் ஒரு சொட்டுகூட உள்ளே வராத கார் அபூர்வம். முன் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் இறுகிப் போயிருக்கும். ஹீட்டருக்குக் காற்று வரும் வழியில் தண்ணீர் வடியும் குழாய் அடைத்திருக்கும். கூரை மடக்கும் கார் என்றால் கதவுக் கண்ணாடியும் கூரைத் துணியும் சேரும் மூலையில் எப்படியும் ஒழுகும். உள்ளே வந்த தண்ணீர் கார்ப்பெட்டுக்கு அடியில் இறங்கிவிட்டால், மேலே கைவைத்துப் பார்த்தால் காய்ந்த மாதிரியே இருக்கும். கீழே தகடு அரித்துக்கொண்டே போகும்.

அரித்தால் என்ன, தகடு வைத்து வெல்டிங் செய்துகொள்ளலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. எம்ஜிபி, ஜாகுவார் இ-டைப், டாட்சன் 240இசட் போன்ற கார்களுக்குத் தனி சேஸிஸ், அதாவது உடலைத் தாங்கும் அடிச்சட்டம், கிடையாது. தரைத் தகடும் கதவுப்படியும்தான் சேர்ந்து காரைத் தாங்குகின்றன. அங்கே துரு ஏறினால் காரின் பலமே போகிறது. டிரையம்ப் டிஆர்6-க்குத் தனி சேஸிஸ் இருப்பதால் கொஞ்சம் தப்பிக்கலாம். லோட்டஸ் எலானின் உடல் ஃபைபர்கிளாஸ், அதனால் தரையில் துருப் பயம் இல்லை. போர்ஷே 911-க்குத் துத்தநாகம் பூசிய தகடு வந்தது 1976 மாடலில்தான். அதற்கு முந்தைய 911 வைத்திருப்பவருக்கு எம்ஜிபிக்காரரின் கவலை அத்தனையும் உண்டு.

பழையதைத் தூக்கிப் பார்ப்பது

எதையும் ஆர்டர் செய்வதற்கு முன் பழைய கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்குங்கள். ஓட்டுநர் பக்கத்தில், பெடல்களுக்குக் கீழே முதலில் பாருங்கள். அங்கே பெயிண்ட் கொப்பளித்து உரிந்திருந்தால் மேலே மாஸ்டர் சிலிண்டரிலிருந்து பிரேக் ஆயில் கசிகிறது என்று அர்த்தம். பிரேக் ஆயில் பெயிண்டைக் கரைத்துவிடும். பிசுபிசுப்பும் இனிப்பு வாசனையும் இருந்தால் ஹீட்டரிலிருந்து கூலண்ட் வருகிறது. வெறும் புழுங்கல் வாடை என்றால் மழைத் தண்ணீர்.

கார்ப்பெட் முழுவதையும் வெளியே எடுத்த பிறகு, வெறும் தரை தெரியும் அந்த நேரத்தை வீணாக்கக் கூடாது. சந்தேகப்படும் இடங்களில் உட்புறமாகச் சாக்பீஸ் பொடியோ டால்கம் பவுடரோ தூவிவிட்டு, வெளியே ஒருவர் ஹோஸ் பைப்பால் கண்ணாடி ஓரம், கதவு ஓரம் என்று மெதுவாகத் தண்ணீர் அடிக்கட்டும். தண்ணீர் எந்த வழியாக வந்ததோ அந்த வழியைப் பவுடரில் கோடாகப் பார்க்கலாம். ஒழுகலை அடைத்து, துருவைச் சுரண்டி, பிரைமரும் பெயிண்டும் அடித்துக் காய்ந்த பிறகுதான் கார்ப்பெட் பேச்சு. இந்த வேலையைச் செய்யாமல் எவ்வளவு உயர்ந்த கம்பளி வாங்கிப் போட்டாலும் அது துருவுக்குப் போடும் மூடிதான்.

எடுத்த பழைய துண்டுகளைத் தூக்கி எறிய வேண்டாம். எந்தத் துண்டு எந்த இடம் என்று பின்புறம் எழுதி, போட்டோ எடுத்து, பையில் கட்டி வையுங்கள். எந்த வழியில் போனாலும் அவை தேவைப்படும்.

நான்கைந்து வழிகள்

பழைய கார்ப்பெட்டையே காப்பாற்ற முடியுமா என்பதை ஒரு மூலையை மடக்கிப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். அடிப்புறம் வெடித்தாலோ பொடி உதிர்ந்தாலோ அதன் ஆயுள் முடிந்தது. நூல் மட்டும் வெளுத்திருந்து அடிப்புறம் உறுதியாக இருந்தால் அலசி, சாயம் ஏற்றிப் போடலாம். கார் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருப்பதுதான் முக்கியம் என்பவருக்கு இதைவிடச் சிறந்த வழி கிடையாது.

அடுத்தது, அந்த மாடலுக்கென்றே வெட்டித் தைத்து விற்கும் ரெடிமேட் செட். பிரிட்டிஷ் கார்கள் பெரும்பாலும் இந்த முறையில்தான் வந்தன: டனலுக்கு (இரண்டு சீட்டுக்கும் நடுவே கியர்பாக்ஸை மூடி நிற்கும் மேடு) ஒன்று, இரண்டு கால் பக்கத்துக்கும் தனித்தனி, கதவுப்படிக்கு, பின் சக்கர வளைவுக்கு என்று பல துண்டுகள். நான் இதற்குத்தான் முதல் ஓட்டுப் போடுவேன். கால் பக்கத்துத் துண்டு மட்டும் நனைந்தால் அதை மட்டும் எடுத்துக் காயவைக்கலாம். குதிகால் பட்டுத் தேய்ந்தால் அந்த ஒரு துண்டை மட்டும் மாற்றலாம்.

ஆனால் ஆர்டர் செய்யும்போது வருடத்தையும் ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்பதையும் கியர்பாக்ஸ் வகையையும் சரியாகச் சொல்ல வேண்டும். எம்ஜிபியையே எடுத்துக்கொள்ளுங்கள்: 1962-இலிருந்து 1980 வரை வந்த கார், வெளியே பார்க்க ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் 1967 இறுதியில் புது கியர்பாக்ஸ் வந்தபோது டனல் அகலமாகிவிட்டது. முந்தைய டனலுக்குத் தைத்தது பிந்தையதில் உட்காராது. நிறைய செட்களில் கியர் லீவருக்கும் சீட் பெல்ட் போல்ட்டுக்கும் ஓட்டை போட்டிருக்க மாட்டார்கள். அதைக் குறையாக நினைக்க வேண்டாம். காருக்குக் கார் அந்த இடங்கள் கொஞ்சம் தள்ளியிருக்கும் என்பதால் பொருத்தும்போது வெட்டிக்கொள்ள விட்டிருக்கிறார்கள்.

மூன்றாவது, சூடாக்கி அச்சில் அழுத்தி, தரையின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப வார்த்த கார்ப்பெட். ஒரே துண்டு, அல்லது இரண்டு. பல அமெரிக்க கார்களிலும், 1989-இல் வந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 காரிலும் இந்த வகைதான். நன்றாக உட்கார்ந்துவிட்டால் இதன் அழகு தனி, தையலே தெரியாது. ஆனால் பெட்டியில் மடித்து வரும் மடிப்பு எளிதில் போகாது. வெயிலில் நன்றாகச் சூடேற விரித்துப் போட்டு, டனலின் உச்சியில் தொடங்கி இரண்டு பக்கமும் கையால் அழுத்திக்கொண்டே இறங்க வேண்டும். விடாத மடிப்புக்கு நீராவி கொடுக்கலாம். ஹீட் கன் என்றால் தூரத்தில் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இதன் பெரிய குறை, நனைந்தால் சீட், கன்சோல், கதவுப்படிப் பட்டி எல்லாவற்றையும் கழற்றினால்தான் வெளியே வரும். அந்தச் சிரமத்துக்குப் பயந்தே யாரும் கழற்ற மாட்டார்கள். ஈரம் அப்படியே கிடக்கும்.

நான்காவது, சீட் கவர், குஷன் வேலை செய்பவரிடம் கொடுத்து அளவெடுத்துத் தைப்பது. தரையில் வேறு தகடு வைத்து வெல்டிங் செய்த கார், ரெடிமேட் செட்டே கிடைக்காத அபூர்வ மாடல் இரண்டுக்கும் இதுதான் சரி. செலவும் நாளும் அதிகம் பிடிக்கும். ஆனால் நல்ல கைக்குக் கொடுத்தால் டனலின் வளைவில் தையல் எங்கே விழ வேண்டும் என்று அவரே பார்த்துக்கொள்வார். பேசும்போது இரண்டு விஷயத்தைக் கறாராகச் சொல்லிவிடுங்கள். ஓரத்துப் பட்டியை ஒட்டாமல் மெஷினில் தைக்க வேண்டும். எல்லாத் துண்டிலும் நூல் ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். ஒரே சுருளில் வெட்டிய துணியாக இருந்தாலும், ஒரு துண்டில் நூல் முன்னோக்கியும் அடுத்ததில் பின்னோக்கியும் சாய்ந்திருந்தால் வெயிலில் பார்க்கும்போது இரண்டு வேறு நிறமாகத் தெரியும். போட்ட பிறகு இதைத் திருத்தவே முடியாது.

கடைசி வழி, சுருளாக வாங்கி நாமே வெட்டுவது. தட்டையான துண்டுகளைப் பழையதை மாதிரியாக வைத்து, சுற்றிலும் கொஞ்சம் கூடுதலாக விட்டு வெட்டுவது யாராலும் முடியும். பழையது சுருங்கியிருக்கும் என்பதால்தான் அந்தக் கூடுதல். டனலும் சக்கர வளைவும்தான் பாடாய்ப் படுத்தும். கார்ப்பெட்டும் ரெக்சின் பட்டியும் சேர்ந்த கனத்தை வீட்டுத் தையல் மெஷின் தைக்காது, அதனால் வெட்டுவதை நாம் செய்து, ஓரம் தைக்க வெளியே கொடுப்பது நல்லது.

இந்த வழியில் போகிறவர்களுக்கு ஓர் ஆசை வரும்: வீட்டுக்குப் போட்டதில் மிச்சமான கார்ப்பெட்டைக் காருக்கு வைத்துக்கொள்ளலாமே என்று. வேண்டவே வேண்டாம். அதன் முதுகு விறைப்பாக இருக்கும், வளைவில் படியாது. அதைவிட முக்கியம், தீ. அமெரிக்காவில் 1972-இலிருந்து நடப்பில் உள்ள விதிப்படி, காருக்குள் பயன்படுத்தும் துணி, கார்ப்பெட் எதுவும் நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் வேகமாக எரியக் கூடாது. வீட்டுக் கார்ப்பெட்டை அந்தச் சோதனைக்கு உட்படுத்தியிருக்க மாட்டார்கள். பழைய ஒயரிங், கார்புரேட்டர், பெட்ரோல் குழாய் என்று எல்லாம் அருகருகே இருக்கும் காரில் அந்த ஆபத்தை விலைக்கு வாங்கக் கூடாது.

கம்பளி, நைலான், பாலிபுரோபிலீன்

வில்டன் கம்பளிக் கார்ப்பெட் தறியில் நெய்வது. நூல் அடித்துணியோடு சேர்ந்தே நெய்யப்படுவதால் பிடித்து இழுத்தால் எளிதில் வராது. மலிவான வகைகளில் ஊசியால் நூலைக் குத்தி, பின்னால் லேடெக்ஸ் பூசி நிறுத்தியிருப்பார்கள். வருடங்கள் போகப் போக லேடெக்ஸ் காய்ந்து பொடியாகும், நூலும் கழன்று வரும். கம்பளி உருகாது, நெருப்புப் பட்டால் கருகும், பெரும்பாலும் தானாக அணைந்துவிடும். காலடியில் அதன் மெத்தென்ற தன்மை வேறு எதிலும் கிடைக்காது. ஆனால் தன் எடையில் 30 சதவீதம் வரை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் தொட்டால் நனைந்ததாகவே தெரியாது. மூடிய காருக்கு இது நல்ல குணம். கூரை மடக்கும் காருக்கு இதுவே ஆபத்து. நீண்ட நாள் எடுக்காமல் மூடி வைக்கும் காரில் பூச்சி அரிக்கும் தொல்லையும் உண்டு.

நைலான் தேய்மானத்தை நன்றாகத் தாங்கும். மிதித்த நூல் திரும்ப நிமிரும். பாலிபுரோபிலீன் தண்ணீரை உறிஞ்சவே உறிஞ்சாது. நிறத்தை நூல் இழுக்கும்போதே கலந்துவிடுவதால் வெயிலில் சீக்கிரம் வெளுக்காது. ஆனால் மிதித்த இடம் படிந்துவிடும்; 160 டிகிரி சொச்சத்திலேயே உருகும். ஓட்டுநர் பக்கத்தில் குதிகால் படும் இடத்தில் ரப்பரோ ரெக்சினோ வைத்துத் தைத்த பட்டை இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள், எந்த நூலாக இருந்தாலும்.

60களின் அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அப்போது வந்தது 80 சதவீதம் ரேயான், 20 சதவீதம் நைலான் கலந்த, நூல் வளையமாக நிற்கும் கார்ப்பெட். 70களின் நடுவில்தான் வளையத்தை வெட்டிய வகைக்கு மாறினார்கள். பழைய கார் கண்காட்சியில் நடுவர்கள் இதைக் குனிந்து பார்ப்பார்கள். அப்படி ஒரு போட்டிக்குப் போகும் எண்ணம் இல்லையென்றால் ரேயானைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை. நனைந்தால் ரேயானின் பலம் வெகுவாகக் குறைந்துவிடும்.

அடியில் என்ன போடுவது

கார்ப்பெட்டுக்கு அளவெடுப்பதற்கு முன்பே இதை முடிவு செய்துவிட வேண்டும். ரெடிமேட் செட்டும் அச்சில் வார்த்ததும் தொழிற்சாலையில் போட்ட அடிவிரிப்பின் கனத்தைக் கணக்கில் வைத்துச் செய்தவை. சத்தம் குறையட்டும் என்று இன்னும் 10 மில்லிமீட்டர் சேர்த்தால் ஓரங்கள் எட்டாமல் போகும், கதவுப்படிப் பட்டியை ஸ்க்ரூ போட்டு இறுக்க முடியாது.

பழைய சணல் விரிப்பு சத்தத்தையும் சூட்டையும் நன்றாகத் தடுக்கும். ஆனால் ஒருமுறை நனைந்தால் வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மூடிய குமிழ்கள் கொண்ட ஃபோம் ஷீட் தண்ணீரை உறிஞ்சாது. அதற்காக அதைத் தரையோடு ஒட்டிவிடக் கூடாது. அடியில் புகுந்த தண்ணீருக்கு வெளியே வர வழி இருக்காது. சும்மா விரித்தால் போதும். தகட்டின் அதிர்வை அடக்க ஒட்டும் பியூட்டைல் ஷீட்டைச் சிலர் ஓர் அங்குலம் விடாமல் தரை முழுக்க ஒட்டுகிறார்கள். தகட்டின் நடுப் பகுதியில், பாதிக்கும் குறைவான பரப்பில் ஒட்டினாலே அதிர்வு பெருமளவு அடங்கிவிடும், மிச்சமெல்லாம் எடைதான். தரையில் உள்ள வடிகால் ஓட்டைகளின் ரப்பர் மூடிகள் மேல் எதையும் ஒட்ட வேண்டாம். டனலிலும் எஞ்சின் பக்கத்துச் சுவரிலும் வெப்பத்தைத் திருப்பும் ஃபாயில் வைத்த ஷீட் போட்டால், நீண்ட தூரம் ஓட்டும்போது வலது காலுக்கும் இடது காலுக்கும் அதன் அருமை தெரியும்.

பொருத்துவது

எல்லாத் துண்டையும் பசை இல்லாமல் ஒருமுறை விரித்துப் பார்த்து, உட்காராததை வெட்டிச் சரிசெய்த பிறகே டப்பாவைத் திறக்க வேண்டும். என் பிரிவினை இது: செங்குத்தாகவும் வளைவாகவும் உள்ள இடங்கள், அதாவது டனல், சக்கர வளைவு, கதவுப்படி, இவற்றுக்குப் பசை. கால் வைக்கும் தரைக்கு ஒருபோதும் பசை கிடையாது, பிரஸ் பட்டன்தான்.

பசை வெப்பம் தாங்கும் வகையாக இருக்கட்டும். சாதாரண ஸ்ப்ரே பசை கோடையில் டனல் மேலிருந்து கழன்று தொங்கும். இரண்டு பரப்பிலும் தடவி, கையில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு ஒட்டும் காண்டாக்ட் பசை நன்றாகப் பிடிக்கும். ஒட்டியதை நகர்த்த முடியாது என்பதுதான் அதில் சிக்கல். அதனால் இரண்டுக்கும் நடுவே எண்ணெய்த் தாளை வைத்து, துண்டு சரியான இடத்தில் நிற்கிறதா என்று பார்த்து, தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டே நடுவிலிருந்து ஓரம் நோக்கி அழுத்தி வாருங்கள்.

பிரஸ் பட்டனின் கீழ்ப்பாதி தரையில் ஸ்க்ரூவாக இறங்கும். ஓட்டை போடும் முன் காருக்கு அடியில் போய்ப் பாருங்கள். பிரேக் குழாயும் பெட்ரோல் குழாயும் அங்கேதான் ஓடுகின்றன. ஒவ்வொரு ஓட்டை ஓரத்திலும் பெயிண்ட் தொட்டு வைத்துவிட்டு ஸ்க்ரூ போட்டால் அந்த இடம் துருவுக்கு வாசலாகாது.

கார்ப்பெட்டின் மேல் மட்டும் டிரில் மெஷினை வைக்காதீர்கள். சுழலும் பிட் ஒரு நூலைப் பிடித்துக்கொண்டால் கண்மூடித் திறப்பதற்குள் குறுக்கே ஒரு வரியையே உருவிவிடும். வளைய நூல் கார்ப்பெட்டில் இது இன்னும் மோசம். சீட் போல்ட்டின் ஓட்டையைக் கண்டுபிடிக்க, கீழிருந்து கூர்மையான குத்தூசியைக் குத்தி மேலே முனை வரும் இடத்தில் அடையாளம் செய்யலாம். நைலான், பாலிபுரோபிலீன் என்றால் சூடான சால்டரிங் அயர்ன் முனையால் அங்கே ஓட்டை போடுங்கள். நூலின் முனைகள் உருகி அங்கேயே நின்றுவிடும், பிரியாது. புகை வரும் என்பதால் கதவைத் திறந்து வைத்துச் செய்ய வேண்டும். கம்பளிக்கு இது ஆகாது, பஞ்ச் வைத்து அடிக்கலாம் அல்லது கூரான கத்தியால் சிறிதாகக் குறுக்கே கீறலாம்.

சீட் பெல்ட் போல்ட் இருக்கும் இடத்தில் கார்ப்பெட்டையும் ஃபோமையும் வட்டமாக வெட்டி எடுத்துவிடுங்கள். இரும்பு இரும்போடு உட்கார வேண்டும். நடுவில் மெத்தென்ற ஒன்று சிக்கினால் இன்று இறுக்கிய போல்ட் நாளடைவில் தளர்ந்துவிடும். சீட் தண்டவாளத்துக்கு அடியில் பழைய மரக்கட்டைப் பட்டைகளோ ஸ்பேசர்களோ இருந்திருந்தால் அவற்றையும் மறக்காமல் திரும்பப் போட வேண்டும், இல்லையென்றால் தண்டவாளம் கார்ப்பெட்டில் உரசி சீட் நகராது.

எல்லாம் முடிந்து எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன், ஓட்டும்போது போடும் செருப்பையோ ஷூவையோ போட்டுக்கொண்டு உட்காருங்கள். ஆக்ஸிலரேட்டரைத் தரை வரை அழுத்தி, காலை வெடுக்கென்று எடுங்கள். சட்டென்று மேலே வந்துவிட வேண்டும். 911 போலத் தரையிலிருந்து எழும் பெடல் என்றால் கார்ப்பெட்டின் ஓரம் பெடல் கீலுக்குள் நுழைகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கிளட்ச்சும் பிரேக்கும் முழுதாக இறங்குகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். கொஞ்சம் உரசினாலும் அந்த இடத்தை வெட்டிக் குறைத்துவிட வேண்டும், அழகு போனாலும் பரவாயில்லை.

எந்த காருக்கு எது

கூரை மடக்கும் எம்ஜிபி, டிஆர்6, எலான் போன்றவற்றுக்குப் பல துண்டு ரெடிமேட் செட், நைலான் அல்லது பாலிபுரோபிலீன், அடியில் ஒட்டாத ஃபோம். கம்பளி மேல் ஆசை அடங்கவில்லையென்றால் டனலுக்கும் பின்புறத்துக்கும் மட்டும் கம்பளி வைத்து, கால் பக்கத்தில் அதே நிறத்தில் நைலான் போடலாம். ஆனால் வெயிலில் இரண்டு மாதிரித் துணியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம். மூடிய கூரை இ-டைப்புக்கு, ஒழுகல் எல்லாம் அடைத்தாகிவிட்டது என்று உறுதியாகத் தெரிந்தால், வில்டன் கம்பளிக்கு ஈடு எதுவும் இல்லை. தைத்துக் கொடுப்பவருக்கு ஆகும் செலவும் வீண் போகாது. எம்எக்ஸ்-5 போல அச்சில் வார்த்ததோடு வந்த காருக்கு அதே வகைதான் சரியாக உட்காரும், துண்டுத் துண்டாகத் தைத்துப் போட்டால் ஒட்டுப்போட்ட மாதிரிதான் இருக்கும். ஆனால் மடக்குக் கூரையின் தண்ணீர் வடியும் குழாய்கள் அடைக்காமல் இருக்கின்றனவா என்று மழைக்காலத்துக்கு முன்னால் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். அந்தக் கார்ப்பெட்டில் தண்ணீர் நுழைந்தால் வெளியே எடுக்கச் சீட்டிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.